மொட்டைமாடியில் ஏறும் வெந்நீர்

மைசூரில் குவெம்பு நகரிலோ சரஸ்வதிபுரத்திலோ ஒரு மொட்டைமாடியில் நின்று சுற்றிப் பாருங்கள். மாடிக்கு மாடி ஒரு கறுப்புப் பலகை தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கும். அதன் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டி. சோலார் ஹீட்டர்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றையும் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

நல்ல வெயிலில், காலை 11 மணி வாக்கில் போங்கள். முதலில் கண்ணாடியைக் கவனியுங்கள். அதனூடே புகும் வெயில் உள்ளிருக்கும் கறுப்புத் தகட்டைச் சுட வைக்கிறது. சூடேறிய தகடும் பதிலுக்குக் கதிர்வீசும். அந்த நீண்ட அலைகளைக் கண்ணாடி வெளியே விடாது. தகடு வாங்கிய சூடு பக்கவாட்டில் ஓடி, ஒட்டியிருக்கும் குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். செம்பைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்: எவர்சில்வரைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

அடுத்து வருவதுதான் அழகு. பலகையின் அடியில் நுழையும் குழாயைத் தொடுங்கள், குளிர்ச்சி. மேலே தொட்டிக்குப் போகும் குழாயில், உறை சுற்றாத இடமாகப் பார்த்து, ஒரு நொடி மட்டும் விரல் வையுங்கள், சுடும். நடுவில் பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. சூடான நீர் விரிந்து, லேசாகி, மேலே ஏறுகிறது. தொட்டியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் தன் கனத்தால் இறங்கி அந்த இடத்துக்கு வருகிறது. வெயில் ஏற ஏற ஓட்டம் கூடும். மேகம் மறைத்தால் தானாகவே தளரும். தொட்டியின் அடி பலகையின் உச்சிக்குக் கீழே இறங்கும்படி வைத்துப் பாருங்கள், இரவில் ஓட்டம் திரும்பிவிடலாம். அப்போது பகலெல்லாம் சேர்த்த சூடு பலகை வழியாக வானத்துக்குப் போகும்.

தொட்டிக்குள்ளும் நீர் ஒன்றாகக் கலப்பதில்லை. சுடுநீர் மேலடுக்கில் நிற்கும், குளிர்ந்தது கீழே. மேலடுக்கிலிருந்தே எடுப்பதால், இரண்டு பேர் குளித்த பிறகும் மூன்றாமவருக்குச் சூடு குறையாமல் வருகிறது.

கண்ணாடிக் குழல் வகையும் உண்டு. இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் கடத்தலும் சலனமும் நின்றுபோகும், கதிர் மட்டும் உள்ளே வரும். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் ரசிக்கத் தட்டைப் பலகையே மேல்.

இதற்கெல்லாம் முன்னால் இந்த ஊரில் வெந்நீர் என்றால் ஹண்டே, அதாவது குளியலறை அடுப்பின் மேல் பதித்த செப்பு அண்டா. நரக சதுர்த்தசிக்கு முந்தின நாள் அதைத் தேய்த்துக் கழுவி நீர் நிரப்புவதே கன்னட வீடுகளில் ஒரு பண்டிகை. 'நீரு தும்புவ ஹப்பா' என்பார்கள். அங்கும் தணலின் கதிர், செம்பின் கடத்தல், நீரின் சலனம் என்று இதே மூன்றுதான். விறகுக்குப் பதில் இப்போது வெயில்.

25 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். நல்ல வெயில் நாளில் 2 சதுர மீட்டர் பலகை அதைச் செய்துவிடும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குளியலறையைத் தொட்டிக்கு நேர் கீழே அமையுங்கள். குழாய் நீண்டால், வழியில் ஆறிக் கிடக்கும் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத்தான் வெந்நீர் பிடிக்க வேண்டியிருக்கும்.