வைக்கோல் தண்ணீரில் ஒரு செருப்பு
குழந்தைகளோடு நுண்ணுலகை ரசிப்பது எப்படி?

மைக்ராஸ்கோப் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் ஞாயிறு வீடே அதைச் சுற்றி நிற்கும். மூன்றாவது ஞாயிறு அது பரணில் ஏறிவிடும். குறை குழந்தையிடம் இல்லை. கருவியைக் கொடுத்த நாம் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. சங்கீதத்துக்குக் காது பழக வேண்டும் என்பதுபோல், இதற்குக் கண் பழக வேண்டும்.

லென்ஸில் தொடங்குங்கள்

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் போன்ற ஒன்று போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் நல்லது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் உப்பைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். ஓரத்திலிருந்து ஈரம் வற்ற வற்ற, குட்டிக் குட்டிச் சதுரங்கள் எழும். தினமும் சாம்பாரில் போடும் உப்புக்கு இப்படி ஒரு வடிவம் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். பழகிய பொருளில் புதுசைக் காண்பதுதான் இந்த ரசனையின் அரிச்சுவடி.

எந்தக் கருவி?

பெட்டியில் ‘1200 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பிளாஸ்டிக் பொம்மைகளை நம்பாதீர்கள். பெரிதாகத் தெரிவதும் தெளிவாகத் தெரிவதும் வேறு வேறு. முதல் வருடத்துக்கு 40, 100 மடங்கு தாராளம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ‘ஃபோல்ட்ஸ்கோப்’ காகிதத்தை மடித்துச் செய்வது. 140 மடங்கு காட்டும், சட்டைப்பையில் அடங்கும். குழந்தையே மடித்துப் பூட்டலாம் என்பது அதன் கூடுதல் ருசி. எந்தக் கருவியானாலும் வெயிலை நேராக நோக்கிப் பார்க்கக் கூடாது.

முதல் ஏமாற்றம்

‘கிருமி தெரியுது!’ என்று குழந்தை கத்தும். போய்ப் பார்த்தால், கெட்டியான கறுப்பு விளிம்போடு கச்சிதமான ஒரு வட்டம். அது காற்றுக்குமிழி. சிரித்துவிடாதீர்கள். ‘உயிருள்ளதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?’ என்று கேளுங்கள். தானாக நகர்கிறதா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று குழந்தை தேடத் தொடங்கும். பார்ப்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று காட்சிகள்

ஒற்றை அடுக்குச் செம்பருத்தியின் மகரந்தத்தைக் கண்ணாடியில் தட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டாம். வெறும் கண்ணுக்கு மஞ்சள் தூள்; 40 மடங்கில் உடம்பெல்லாம் முள் நிறைந்த ஊமத்தங்காய். ‘பூவுக்கு எதுக்கு முள்?’ என்ற கேள்வி வரும்வரை காத்திருங்கள். வந்துபோகும் உயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொள்ள அது உதவும் என்ற பதிலை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

வெங்காயத் துண்டின் உள்பக்கத்தில் கண்ணாடிபோல் ஒரு சவ்வு உரியும். தண்ணீர்ச் சொட்டில் அதைச் சுருங்காமல் விரித்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை, அதாவது கவர் ஸ்லிப்பை, சாய்த்து மெல்ல இறக்குங்கள். முதலில் நீள நீளக் கட்டங்களின் கோடு மட்டும் தெரியும். பிறகு, நீர்க்கச் செய்த அயோடின் ஒரு சொட்டு. கட்டங்களுக்குள் ஒவ்வொரு பொட்டாகத் துலங்கும். அதுதான் செல்லின் உட்கரு. சாயத்துக்கு முன்னும் பின்னும் இரண்டையும் காட்டுங்கள். பாதி சுவை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதுக்குப் பொறுமை வேண்டும். குளத்துத் தண்ணீரில் வைக்கோலை நறுக்கிப் போட்டு நான்கைந்து நாள் விடுங்கள். நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத்து நீரில் ஒரு சொட்டு எடுத்து, பஞ்சிலிருந்து இரண்டு மூன்று இழை பிரித்து அதில் போடுங்கள். ஓடித்திரியும் உயிர்களுக்கு அது வேலி. அதிர்ஷ்டம் இருந்தால், செருப்பின் அடிப்பாகம் போன்ற பரமீசியம் சுழன்றுகொண்டே வரும். இழையில் முட்டும், முட்டுச்சந்தில் ஆட்டோ ரிவர்ஸ் எடுப்பதுபோல் பின்வாங்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி கிளம்பும். மூளை இல்லாத ஒற்றைச் செல் வழி தேடுவதை அரை மணி நேரம் பார்க்கலாம். முதல் சொட்டில் கிடைக்காவிட்டால் பத்தாவதில் கிடைக்கலாம். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தயிரில் பாக்டீரியா பார்க்கலாமா என்று முதல் நாளே கேட்பார்கள். அதற்கு 400 மடங்காவது வேண்டும். அப்போதும் நிறமற்ற, மிக மெல்லிய கோடுகள்தான். அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வரையச் சொல்லுங்கள்

செல்போனில் படம் எடுத்தால் கண் ஓய்ந்துவிடும். வரைந்தால் திரும்பத் திரும்பப் பார்க்கும். ‘எனக்கு வரைய வராது’ என்று குழந்தை சொன்னால் லீவன்ஹூக்கின் கதையைச் சொல்லுங்கள். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அவர். பல்கலைக்கழகம் போனதில்லை, லத்தீன் தெரியாது. தானே தேய்த்த ஒற்றை லென்ஸில் 1670களில் ஏரித்தண்ணீரின் உயிர்களைப் பார்த்தார். 1683இல் தன் பல் அழுக்கையும் சுரண்டிப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியில் கடிதம் எழுதினார். அவருக்கும் வரைய வராது. ஓவியரை அமர்த்தி வரையவைத்தார்.

ஆகவே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, எதைப் பார்த்தோம், எத்தனை மடங்கு, எப்படித் தெரிந்தது என்று நான்கு வரி போதும். பெயர் தெரியாததற்குக் குழந்தையே பெயர் வைக்கட்டும். முதல் பக்கத்தில் அந்தக் காற்றுக்குமிழி கட்டாயம் இருக்கட்டும்.