இருபது கிராம்

ஆர்வெல்லின் '1984' நாவலை (1949) அரசியல் எச்சரிக்கையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அது எழுதப்பட்டுக்கொண்டிருந்த 1947இல் பிரிட்டனில் ரொட்டிக்கும் ரேஷன். யுத்த காலத்தில்கூட அது இருந்ததில்லை. பங்கீட்டின் பசி ஆசிரியருக்குக் கற்பனையல்ல.

நாவலில் சாக்லேட் பங்கீடு முப்பது கிராமிலிருந்து இருபதாகக் குறைகிறது. மறுநாளே, இருபதாக உயர்த்தியதற்கு ஜனங்கள் நன்றி சொன்னதாக அறிவிப்பு. சாமர்த்தியமான இடம்தான். ஆனால் என்னை உலுக்குவது வின்ஸ்டனின் பால்ய நினைவு. தங்கையின் பங்குச் சாக்லேட்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். தாய் அவளை அணைத்துக்கொள்கிறாள். அந்த அணைப்பால் எந்தப் பயனுமில்லை. தியாகத்தைக் கிராம் கணக்கில் கேட்டு வாங்கும் அரசு கணக்கெழுத முடியாதது அது ஒன்றுதான். கோல்ட்ஸ்டைன் புத்தகமாக வரும் நீண்ட சித்தாந்தப் பகுதி முழுவதும் இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது.