நல்லவன் உயிர் மட்டும்தானா?

கீஸ்லோவ்ஸ்கி என்று ஒரு போலந்து டைரக்டர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, படத்தைப் பாருங்கள். 'எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்', 1988-ல் வந்தது. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால், சாப்பிட்ட கையோடு பார்க்க உட்காராதீர்கள்.

கதை இரண்டே வரி. ஓர் இளைஞன் காரணமே இல்லாமல் ஒரு டாக்ஸி டிரைவரைக் கொல்கிறான். அரசாங்கம் அவனைத் தூக்கில் போடுகிறது. துப்பறிதல், துரத்தல், கோர்ட்டில் வக்கீல் முழங்குவது எதுவும் கிடையாது. விசாரணையைத் தாண்டி நேரே தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்.

நம் ஊர்ப் படமாக இருந்தால் செத்தவர் உத்தமராக இருந்திருப்பார். இந்த டிரைவர் அப்படியில்லை. காத்து நிற்கும் சவாரியை அம்போவென விட்டுவிட்டுப் போகிறார். பெண்களைப் பார்த்து ஜொள்ளு விடுகிறார். ஹார்ன் அடித்து நாய்களை மிரட்டுகிறார். அதே மனுஷன் தன் சாப்பாட்டில் கொஞ்சம் ஒரு தெரு நாய்க்கும் போடுகிறார். அந்த இளைஞன் இவரைவிட மோசம். பாலத்தின் மேலிருந்து கீழே போகிற கார் மீது கல்லைத் தள்ளிவிடுகிறான். இரண்டு பேரையுமே நமக்குப் பிடிக்கவில்லை. அதுதான் டைரக்டரின் சாமர்த்தியம்.

கொலை ஏறக்குறைய ஏழு நிமிடம். கயிற்றில் ஆரம்பித்துக் கல்லில் முடிகிறது. ஒரு மனிதனைக் கொல்வது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று திகைத்துப் போவீர்கள். 'இவனை விடக் கூடாது சார்' என்று பல்லைக் கடிப்பீர்கள். நானும் கடித்தேன்.

அப்புறம் தூக்குமேடை. ஓர் ஊழியர் இயந்திரத்தைச் சுழற்றிச் சரிபார்க்கிறார். கீழே ஒரு தட்டு வைக்கிறார், எதற்கென்று கடைசியில் புரியும். பையன் திமிறுகிறான், அதிகாரிகள் கத்துகிறார்கள். இங்கேயும் ஒரு கயிறு. கடித்த பல்லை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

'உயிர் பெரிசு' என்று சொல்லாதவர் யார்? ஆனால் நாம் மனதுக்குள் ஒரு ரேஷன் கார்டு வைத்திருக்கிறோம். நல்லவன் உயிர், நம்மவன் உயிர், அப்பாவி உயிர் என்று வரிசை. 2020 மார்ச் 20 அன்று, நிர்பயா வழக்கில் நாலு பேரைத் திகார் சிறையில் தூக்கிலிட்டபோது வெளியே இனிப்புக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் அந்தக் கோபத்தில் தப்பே சொல்ல முடியாது. இனிப்புதான் உறுத்துகிறது.

திருவள்ளுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர், செங்கோன்மைக்கு வந்ததும், கொடியவர்களை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பது போல என்கிறார். அவருக்கே அது இரண்டு அதிகாரமாகத்தான் வருகிறது. கீஸ்லோவ்ஸ்கி இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'களையா? கிட்ட வந்து பாருங்கள்' என்கிறார்.

ஒரு குறை. தூக்குக்கு முன்னால் பையனுக்குத் தன் தங்கை செத்த கதையைச் சொல்ல நேரம் கிடைக்கிறது. டிராக்டரில் அடிபட்டுச் செத்தவள். ஓட்டியது இவனோடு குடித்த நண்பன். கேட்டால் மனசு இளகும். ஆனால் டிரைவரின் வீட்டுக்கு கேமரா போவதே இல்லை. எல்லா உயிரும் சமம் என்று வாதாடும் படம் அங்கேயும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டாமா? தூக்கு வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடமும் இதுதான்.

போலந்தில் கடைசித் தூக்கும் அதே 1988-ல்தான். 1997-ல் கொண்டுவந்த புதிய சட்டத்தில் மரண தண்டனையே இல்லை. படம் பார்த்துத்தான் மாறினார்கள் என்று புருடா விட மாட்டேன். நீங்கள் பார்த்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பாதியில், கொலை முடிந்ததும் நிறுத்தி, 'இவனை என்ன செய்யலாம்?' என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் எடுத்துப் படியுங்கள். நான் எழுதியிருந்ததை என் மனைவியிடம்கூடக் காட்டவில்லை.