நிக்கோலாஸ் ஹெர்மான்: பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய வாத்தியார்

"சின்னப் பிள்ளைங்க பாட்டுதானே!" என்று நம்மில் பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இலக்கிய வரலாற்றிலும் அவற்றுக்குக் கடைசி வரிசையில்தான் இடம். அது சரியல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் கவிஞர் நிக்கோலாஸ் ஹெர்மான்.

1500-ஐ ஒட்டி, நியூரம்பர்க் அருகேயுள்ள ஆல்ட்டோர்ஃபில் பிறந்தவர். பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் ஊரில் இலத்தீன் பள்ளி ஆசிரியராகவும் ஆலயப் பாடகர் குழுவை நடத்துபவராகவும் வாழ்ந்து, 1561 மே 3 அன்று அங்கேயே காலமானார். வெள்ளிச் சுரங்கத்தை நம்பி 1516-இல் எழுந்த ஊர் அது. அங்கே அடித்த 'தாலர்' நாணயத்திலிருந்துதான் 'டாலர்' என்ற சொல்லே வந்தது.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசிக்கும் நற்செய்திப் பகுதிகளை அவர் பாட்டாக்கினார். 1560-இல் வெளிவந்த அந்த நூல் பிள்ளைகளுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் உரியது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அதாவது, பாட்டு பாடப்பட வேண்டிய இடம் வீடு.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். பல பாடல்கள் வேதக் கதையை வரிசையாகச் செய்யுளில் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பாடம் நடத்தும் வாத்தியார் அங்கே கவிஞரை அமுக்கிவிடுகிறார். ஆனால் அந்நூலில் உள்ள கிறிஸ்துமஸ் பாட்டு வேறு ரகம். 1554-இல், சிறுமிகள் மாலையில் பாடுவதற்கென்று எழுதிய பாட்டுக்குத் தாமே போட்ட மெட்டைத்தான் இதற்கும் வைத்துக்கொண்டார். சின்னச் சின்ன அடிகள். ஒரு தடவை கேட்டாலே பிள்ளை வாயில் ஒட்டிக்கொள்ளும்.

கருத்தோ சின்னதல்ல. கடவுள் நம்மோடு ஒரு விந்தையான மாற்று வியாபாரம் செய்கிறார். அவர் வேலைக்காரன் ஆகிறார், நாம் எஜமான் ஆகிறோம் என்கிறது பாட்டு. நாள் முழுக்க நாணயம் புழங்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு 'மாற்று' என்றால் என்ன என்று விளக்க வேண்டுமா? பெரிய சமயத் தத்துவத்தைத் தெருவில் புழங்கும் சொல்லால் சொன்னதுதான் அவருடைய கவித்துவம் என்பது என் கருத்து. எளிமை என்பது அறிவுக் குறைவல்ல. கேட்பவரை அறிந்தவரின் தேர்ச்சி.

1725-இல் இசைமேதை பாக் தம் கிறிஸ்துமஸ் காலப் படைப்பொன்றை இப்பாட்டின் கடைசிச் செய்யுளைக் கொண்டே நிறைவு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வூரின் ஜெர்மன் மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். ஊர் இப்போது செக் நாட்டின் யாகிமோவ். ஆனாலும் ஜெர்மானியர் கிறிஸ்துமஸுக்கு இன்றும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். ஊர் போனது, பாட்டு போகவில்லை.

சொந்த மண்ணை விட்டு வந்து குடியிருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் பிள்ளை பாடும் தமிழ்ப் பாட்டை இனி "சின்னப் பாட்டு" என்று சொல்லாதிருப்போம்.