எண்பது விழுக்காடு, எந்தச் சம்பளத்தில்?

ஈப்போவில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் கை நசுங்கி, இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் (எம்சி) இருப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ எவ்வளவு தரும்? விபத்துக்கு முந்தைய 6 மாதங்களுக்கு அவர் பெயரில் கட்டிய சந்தாவிலிருந்து சராசரி மாதச் சம்பளத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதை 30ஆல் வகுத்து, வருவதில் 80 விழுக்காட்டை நாள்தோறும் கொடுப்பார்கள். எம்சி 4 நாளாவது இருக்க வேண்டும். நாளுக்கு 30 ரிங்கிட்டுக்குக் குறையாது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தி.

1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளக்காரருக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சந்தா அட்டவணையில் 1,600க்கு மேல் 1,700 வரை ஒரே படி. நடுவிலுள்ள 1,650தான் அவருடைய சம்பளமாகக் கொள்ளப்படும். நாளுக்கு 55; அதில் 80 விழுக்காடு 44. வாரத்துக்கு 308 ரிங்கிட். மோசம் என்று சொல்ல முடியாது. முதலாளியின் தவறை நிரூபிக்க வழக்காட வேண்டியதில்லை என்பது 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் பெரிய நன்மை.

ஆனால் சராசரி எல்லாரையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பாலும் குறையும். அந்த மாதங்களை அடுத்து விபத்து நடந்தால், மெலிந்த சம்பளமே அளவுகோலாகிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்பும், எடைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு இதே நிலைதான்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய ஓட்டை சம்பளச் சீட்டில் இருக்கிறது. சொக்சோவுக்கு ஓவர்டைமும் சம்பளம்தான். ஆண்டு போனஸ் சேராது. (ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கணக்கில் ஓவர்டைம் வராது என்பதால் பலர் குழம்புகிறார்கள்.) ஓவர்டைமோடு மாதம் 2,200 வாங்குபவருக்கு அடிப்படைச் சம்பளமான 1,700க்கு மட்டும் சந்தா கட்டினால், அவரிடம் 10.75க்குப் பதில் 8.25 பிடிப்பார்கள். இரண்டரை ரிங்கிட் மிச்சம் என்று அவரும் பேசாமல் இருப்பார். ஆனால் அடிபட்டால் நாளுக்கு 57.33 கிடைக்க வேண்டிய இடத்தில் 44தான் கிடைக்கும். அறுபது நாளில் நட்டம் 800 ரிங்கிட்.

சூத்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் அதில் போடும் எண்ணைப் பார்க்க வேண்டும். தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங்கில் குடியேறி, ஓவர்டைமை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் இந்த மாதச் சீட்டை எடுத்து சொக்சோ பிடித்தத்தை ஒருமுறை சரிபாருங்கள். குறைந்திருந்தால் கையும் காலும் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.