வீட்டு விஷயம்

நான் குடியிருக்கும் ஊருக்கு அஸ்தினாபுரம் என்று பெயர். குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே வர வேண்டும். பாண்டவர்களுக்கும் இந்த ஊருக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரை விலாசத்தில் எழுதும்போதெல்லாம் வனபர்வம் எனக்கு ஞாபகம் வரும். பன்னிரண்டு வருஷம் காட்டில் சுற்றப் போகிற குடும்பம் அது. புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே திரௌபதியின் பிள்ளைகளைப் பாஞ்சாலத்துக்கும், சுபத்திரையையும் அபிமன்யுவையும் துவாரகைக்கும் அனுப்பி வைத்து விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தீர்த்த யாத்திரை, மலை, நதி, ரிஷிகள் எல்லாம். பிள்ளைகள் கூடவே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று தௌம்யரின் தாடியைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டிருக்கும். காவியத்தின் கம்பீரம் குலைந்திருக்கும். கவி முன்யோசனைக்காரர்.

நம்முடைய பிரயாண நூல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்த முன்யோசனை இன்னும் போகவில்லை என்பது தெரியும். அ. க. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940-ல் வந்தது. குழந்தை குட்டிகள் அதில் இல்லாதது மட்டுமல்ல, செட்டியாரே அதில் கொஞ்சம்தான் இருக்கிறார். தன்னைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைப் பார்க்கிற அடக்கம் அவருடையது. அது ஒரு பெரிய குணம். சோமலெ புள்ளி விவரங்களோடு உலகத்தைக் காட்டினார். தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போய் ‘உதயசூரியன்’ எழுதினார்; ஆஸ்திரேலியாவுக்குப் போய் ‘அடுத்த வீடு ஐம்பது மைல்’ எழுதினார். கண்ணுக்கும் காதுக்கும் அவரைப் போல வேலை கொடுத்தவர்கள் குறைவு. அசோகமித்திரன் 1973-ல் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்ததிலிருந்து ‘ஒற்றன்’ பிறந்தது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு மனிதன் அந்நிய ஊரில் தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் குளிரில் நடப்பதில் உள்ள பரிதாபமும் ஹாஸ்யமும் வேறு எங்கும் இப்படி வரவில்லை.

தனியாக என்கிற வார்த்தையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இவர்கள் அத்தனை பேரும் ஒற்றை ஆட்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. வெளிநாட்டு அழைப்பு என்றால் அது ஒருவருக்குத்தான் வரும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒருவர் கையில் எடுத்துப் போகிற பணமே சொற்பம்; மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவது எழுத்தாளனுக்கு ஆகிற காரியமா? எழுத்தாளன் போனான், வீடு இங்கேயே இருந்தது. ஆகவே நமக்குக் கிடைத்தது ஊர்களைப் பற்றிய இலக்கியம். வீடு இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய இலக்கியம் கிடைக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று கம்பெனி வேலையாகக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். குக்கர், பருப்புப் பொடி, குழந்தைக்கு ஜுர மருந்து எல்லாம் பெட்டியில் வைத்து, இருபத்து மூன்று கிலோ தாண்டாமல் நிறுத்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். தாத்தா பாட்டி ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். வந்தவர்களில் சிலர் எழுதவும் எழுதுகிறார்கள்.

அப்படி எழுதிய ஒருவர், மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அணிந்துரைக்காகத் தம்முடைய கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொண்டு வந்தார். நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்த ஆறு மாதத்தைப் பற்றியது. நயாகராவின் உயரம், சுதந்திர தேவி சிலையின் எடை, வெள்ளை மாளிகையில் எத்தனை அறைகள், கோவிலில் என்ன பிரசாதம், எல்லாம் இருந்தன. பேரக் குழந்தைகள் இரண்டு பேர், ஏழு வயதும் நாலு வயதும். நூற்று நாற்பது பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரே வாக்கியம்: குழந்தைகளும் கண்டு களித்தனர்.

காபி வந்தது. மனிதர் பேச ஆரம்பித்தார். மூத்த பேரன்தான் அவருக்கு அங்கே குருவாம். சாலையைக் கடக்கப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும், அழுத்திவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்க, இவருக்கு வழி தவறிவிட்டது. பேரன் கலங்கவில்லை. தெரு ஓரத்தில் நிற்கிற தீயணைப்புக் குழாய்களை எண்ணிக்கொண்டே வந்து, “ஆறாவது குழாய்க்கு எதிர் வீடு நம்ம வீடு, தாத்தா” என்று கொண்டு வந்து சேர்த்திருக்கிறான். அவனிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டாம். அதற்குள் இறக்கை வைத்த மேப்பிள் விதைகள், ஒரு செத்த சில்வண்டு, யாரோ போட்டுவிட்டுப் போன ஒற்றைக் கையுறை. சின்னது, பனி விழுந்த முதல் நாள், அதை யார் கூட்டுவார்கள் என்று கவலைப்பட்டதாம்.

நான் பிரதியை மூடிவிட்டேன். “இதையெல்லாம் ஏன் சார் எழுதவில்லை?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் வீட்டு விஷயம் சார்” என்றார்.

அந்தப் பதிலில் ஒரு முழு விமர்சனக் கொள்கை இருக்கிறது. நயாகரா பொது விஷயம். பிஸ்கட் டப்பா வீட்டு விஷயம். பொது விஷயம்தான் அச்சில் ஏறத் தகுந்தது. இந்தக் கொள்கையைத்தான் நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு எனக்குத் துணையாக இரண்டு பேரைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன்.

முதலாவது, ஜெரால்டு டரல். நமக்கு முழு அந்நியர் அல்ல. 1925-ல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். அவருடைய தாய் லூயிசா பிறந்தது ரூர்க்கியில். என்ஜினீயராக இருந்த தகப்பனார் 1928-ல் டல்ஹௌசியில் இறந்துபோக, நாலு பிள்ளைகளோடு அந்த அம்மாள் இங்கிலாந்து போனாள். அங்கே ஒட்டவில்லை. 1935-ல் குடும்பம் மொத்தமும் கிரேக்க நாட்டுத் தீவான கார்ஃபூவுக்குப் புறப்பட்டது. 1939-ல் யுத்தம் வந்து கலைக்கும்வரை அங்கே இருந்தார்கள். ஜெரால்டுக்கு அப்போது பத்து வயது. ‘என் குடும்பமும் மற்ற மிருகங்களும்’ என்று பொருள்படும் அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1956-ல் வந்தது.

புறப்படும்போது யார் யார் எதைப் பெட்டியில் வைத்தார்கள் என்று அதில் ஓர் இடம் வருகிறது. தாய்க்குச் சமையல் புத்தகங்கள். மூத்த அண்ணன் லாரன்ஸுக்கு இரண்டு பெட்டி நிறையப் புத்தகம். இன்னொரு அண்ணனுக்குத் துப்பாக்கிகள். அக்காவுக்கு உடைகளும் முகப்பரு மருந்துகளும். பொடியனுக்கு ஒரு நாய், ஒரு வண்ணத்துப்பூச்சி வலை, ஒரு ஜாம் பாட்டில் நிறையக் கம்பளிப்பூச்சி. ஐந்து பேருடைய சுபாவமும் ஒரு பத்தியில் முடிந்தது! பிறகு தீவு வருகிறது. அதன் சரித்திரத்தையோ கோட்டைகளையோ தேடினால் அகப்படாது. ஆமை, ஆந்தைக்குஞ்சு, தோட்டத்துச் சுவரில் குடியிருக்கிற தேள் ஆகியவை வழியாகத்தான் அது வருகிறது. பொடியன் குட்டிகளைச் சுமந்த தாய்த்தேளை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைக்க, சிகரெட் பற்ற வைக்க அண்ணன் அதைத் திறக்கிற சாப்பாட்டு மேஜைக் காட்சியைப் படித்துச் சிரிக்காதவரோடு எனக்குப் பழக்கம் வேண்டாம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளேயே தீவின் மண், வெயில், பாஷை எல்லாம் இறங்கிவிடுகின்றன. டாக்சிக்கார ஸ்பைரோவைத் தெரிந்துகொண்டவனுக்குக் கார்ஃபூவின் ஜனத்தொகை எதற்கு?

இந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய பொய்யும் இருக்கிறது. லாரன்ஸ் கல்யாணமாகி, நான்சி என்கிற மனைவியோடு கலாமி என்ற ஊரில் பெரும்பாலும் தனிக்குடித்தனம் செய்தவர். தம்பியின் புத்தகத்திலோ அவர் பிரம்மசாரி. தாயோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எல்லாரையும் அதட்டுகிறார். அண்ணி காணாமலே போய்விட்டாள். லாரன்ஸும் அதே தீவைப் பற்றி 1945-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் மனைவி உண்டு. தாயும் உடன்பிறப்புகளும் ஓரத்தில் ஒதுங்கிப் போனார்கள். ஒரே தீவு, ஒரே குடும்பம். ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஜெரால்டின் பொய்யை மன்னிக்க எனக்குச் சிரமம் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு அண்ணன் வேண்டும், அண்ணி எதற்கு? அந்தப் பொய்கூடக் குழந்தைப் பார்வைக்கு உண்மையாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, நம்மவர். அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் 1937-ல் பிறந்தவர், கணக்காளர். சியரா லியோன், சூடான், பாகிஸ்தான் என்று தேசம் தேசமாகக் குடும்பத்தோடு குடி மாறியவர், ஐ.நா. உத்தியோகம், பிறகு கனடா. தமிழில் வீடு இடம் பெயர்ந்ததை எழுதியவர் என்றால் இவரைத்தான் சொல்வேன். 2008-ல் வந்த ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ புத்தகத்தை நாவல் என்றே அழைத்தார். தலைப்பிலேயே நேர்மை இருக்கிறது. டரலின் தலைப்பில் இப்படி ஒரு எச்சரிக்கை இல்லை. அவர் எழுத்தில் தேசம் என்பது வாசல் வழியாக வருவதில்லை. சமையல்காரர், டிரைவர், காவல்காரர் இவர்களோடு கொல்லை வழியாக வருகிறது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த எழுத்து.

குறை இல்லாமல் இல்லை. உவமைகள் அடிக்கடி வந்து கையைப் பிடித்து இழுக்கின்றன. பெரிய உத்தியோகஸ்தரின் வீட்டு மதில், அந்தத் தேசத்துக்கும் நமக்கும் நடுவில் சில சமயம் நின்றுகொண்டே இருக்கிறது. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறு. ‘அக்கா’ தொகுதி 1964-ல் வந்தது. அடுத்த தொகுதி ‘திகடசக்கரம்’ 1995-ல். இடையில் முப்பது வருஷம். அதாவது, குழந்தைகள் சிறியவர்களாக இருந்து அந்நிய மண்ணில் ஓடி விளையாடிய காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. எழுத உட்கார்ந்தபோது அவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தைகளில் ஒருவர்தான் எம். சஞ்சயன். இலங்கையில் பிறந்து, சியரா லியோனில் வளர்ந்து, இயற்கைப் பாதுகாப்பு விஞ்ஞானியாகி, ‘கன்சர்வேஷன் இன்டர்நேஷனல்’ என்ற உலக ஸ்தாபனத்துக்கு 2017-ல் தலைமை ஏற்றவர். டரலும் கார்ஃபூவை மறக்கவில்லை. 1959-ல் ஜெர்ஸி தீவில் அழிந்து வரும் பிராணிகளுக்காக ஒரு மிருகக்காட்சி சாலை ஆரம்பித்தார். தற்காலிகமாகப் போய் இருந்த இரண்டு குடும்பங்களில் இரண்டு பையன்கள். இருவரையும் காடும் பூச்சியும் பிடித்துக்கொண்டன. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவனுக்கு உத்தியோகம், வாடகை, ஊர்ஞாபகம். குழந்தைக்கு அது ஒன்றும் இல்லை. வந்த இடத்து மண்தான் மண்.

ஆனால் ஒரு வித்தியாசம். டரல் தன் குழந்தைப் பருவத்தைத் தாய் பேசிய பாஷையிலேயே எழுதினார். லூயிசா அதைப் படித்தாள். சஞ்சயன் பேசுவதும் எழுதுவதும் ஆங்கிலத்தில். ஆப்பிரிக்கக் காட்டைத் தமிழ்க் குழந்தை ஒன்று பார்த்தது. பார்த்ததைத் தமிழில் சொல்லத் தகப்பன்தான் இருந்தார், அவரும் தாம் நின்ற இடத்திலிருந்து. பிஸ்கட் டப்பாவுக்குச் சொந்தக்காரனான அந்த ஏழு வயதுப் பையன் இருபது வருஷம் கழித்து அதைப் பற்றி எழுதினாலும் எழுதுவான். எந்த பாஷையில் என்பதுதான் கேள்வி. இன்றைக்குத் தமிழில் சொல்லக் கூடியவர் அவன் தாத்தா ஒருவர்தான். அவரோ அதை வீட்டு விஷயம் என்று கட்டி வைத்திருக்கிறார்.

அணிந்துரை எழுதித் தந்தேன். நயாகராவைக் குறைத்துக் குழாய்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். புத்தகம் நயாகராவோடுதான் அச்சாகி வந்தது. குழாய்கள் அரைப் பக்கம் சேர்ந்திருந்தன.

லூயிசாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஒவ்வொரு வீடாகப் பெட்டி கட்டியவளும் அவிழ்த்தவளும் அவள்தான். மகன்கள் இருவரும் தீவைப் பற்றி எழுதினார்கள். அவள் தன் நினைவுகளை எழுதி அச்சிடவில்லை. 1964-ல் இறந்துபோனாள். இந்தியாவிலும் பிறகும் அவள் சேர்த்து வைத்திருந்த சமையல் குறிப்புகளைக் கொண்டு 2019-ல் ஒரு புத்தகம் வெளிவந்தது.