காட்டறிவும் குற்றமும்: 'சோளகர் தொட்டி' நாவலில் சித்திரவதை

ஒகேனக்கல் முதல் மாதேசுவரன் மலை, சத்தியமங்கலம் வரையிலான காடுகளில் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் வீரப்பனைத் தேடி நடத்திய வேட்டை 2004 அக்டோபரில் முடிவுற்றது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. உண்மையை வெளிக்கொணரச் சித்திரவதை தவிர்க்கவியலாதது என்பது அரசின் கடுமையை ஆதரிப்போர் வாதம். காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்ற 1987ஆம் ஆண்டின் தடாச் சட்டம் அவ்வாதத்திற்கு வலுவூட்டியது.

நாவல் இதனை நேரடியாக மறுப்பதில்லை. முதற்பகுதி சோளகரின் வேளாண்மை, வழிபாடு, நிலவிழப்பு ஆகியவற்றையே விரிக்கிறது. அதிரடிப்படை இரண்டாம் பகுதியிலேயே மையம் பெறுகிறது. இதனைக் கட்டமைப்புத் தளர்ச்சியெனக் கொள்வது பொருந்தாது. முதற்பகுதியில் வாழ்வாதாரமாக நின்ற காட்டறிவே பின்னர் ஐயத்திற்குக் காரணமாகிறது. காட்டுப்பாதை அறிந்தவர் என்பதே ஒருவரைப் பிடித்துச் செல்லப் போதுமானதாகிறது. எனவே, இங்குச் சித்திரவதை மறைந்த உண்மையைத் தேடவில்லை. ஒரு வாழ்முறையைக் குற்றமாக்குகிறது.

தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணையை அடுத்து, 2007இல் 89 பேருக்கு இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. அது உடலுக்கு நேர்ந்த கேட்டையே கணக்கிட இயலும். காட்டோடு அறுந்த உறவின் அளவை உணர்த்துவது நாவலின் முதற்பகுதியே.